முன்பக்க சஸ்பென்ஷன் வேலை: எதை வீட்டிலேயே செய்யலாம், எதைக் கடைக்கு விடலாம்?

பழைய டொயோட்டா டகோமா பிக்கப் வைத்திருக்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஓடோமீட்டர் 2 லட்சம் மைலை நெருங்கும். இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம், நெடுஞ்சாலையில் வண்டி மெல்ல ஒரு பக்கம் இழுக்கும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும். கடையில் காட்டினால் 'முன்பக்க சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்ற வேண்டும்' என்று ஒரு தொகை எழுதித் தருவார்கள். அந்தத் தொகை சில சமயம் வண்டியின் விலையில் பாதியைத் தொட்டு நிற்கும். அப்போதுதான் 'இதை நாமே செய்தால் என்ன?' என்ற எண்ணம் வரும்.

நான் இங்கே பேசப்போவது அமெரிக்காவில் 1995 முதல் 2004 வரை விற்ற முதல் தலைமுறை டகோமாவைப் பற்றி. அதிலும் 4x4, பிரீரன்னர் (4x4-இன் உயரத்தில் வரும் டூவீல் டிரைவ்) ஆகிய இரண்டைப் பற்றி மட்டும். சாதாரண டூவீல் டிரைவின் முன்பக்க அமைப்பு வேறு. அதே காலத்து ஃபோர்ரன்னர், முதல் தலைமுறை டண்ட்ரா வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

'வீட்டிலா, கடையிலா?' என்று மொத்த வேலைக்கும் ஒரே பதில் தேடுவதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். முன்பக்கத்தில் இருக்கும் பாகங்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சிலதைக் கழற்ற ஸ்பேனரும் பொறுமையும் போதும். சிலதற்கு பிரஸ் (பாகங்களை அழுத்தி எடுக்கவும் பொருத்தவும் உதவும் கருவி) வேண்டும். சிலதற்கு ரம்பமே வேண்டியிருக்கும். அதனால் பாகம் பாகமாகப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் வண்டியின் வயதைவிட அது எந்த ஊரில் ஓடியது என்பது முக்கியம்.

முதலில் சேஸிஸ், அப்புறம்தான் பாகங்கள்

மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு இந்த வண்டியின் சேஸிஸைத் தின்றுவிடும். இது வெறும் பேச்சு இல்லை. 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சேஸிஸ் துரு அவ்வளவு மோசமாகப் போனதால், 2008-ல் டொயோட்டா அதற்கான உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தது. கெட்டுப்போன வண்டிகளைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது; துரு முடியவில்லை.

ஆகவே ஒரு டாலர் செலவழிப்பதற்கு முன்னால் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். சேஸிஸின் இரண்டு பக்கத்தையும், குறிப்பாகப் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தையும், முன்னால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கை) மாட்டியிருக்கும் கவ்விகளையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் சரி. மந்தமாக ஒலித்தாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, ஸ்குரூ டிரைவர் உள்ளே போனாலோ, மேலே படிக்க வேண்டாம். அந்த வண்டிக்குப் புது பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் குண்டு மூட்டு) வாங்குவது வீண் செலவு.

டெக்சஸ், அரிசோனா, கலிஃபோர்னியா வண்டியா? நீங்கள் அதிர்ஷ்டசாலி. கீழே 'கடைக்கு விடுங்கள்' என்று நான் சொல்லப்போகும் வேலைகளில் சிலதை நீங்கள் வீட்டிலேயே முடித்துவிடலாம்.

எது தேய்ந்திருக்கிறது என்று தெரியுமா?

கடையில் 'எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்' என்பதற்கும், இணையத்தில் பன்னிரண்டு சாமான் அடங்கிய பெட்டியை வாங்கி எல்லாவற்றையும் மாற்றுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதனை எளிது. லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றுத் தூக்குங்கள். சேஸிஸுக்கு அடியிலும் ஒரு ஸ்டாண்டு இருக்கட்டும். ஜாக்கி ஆர்முக்கு அடியில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இந்த வண்டியில் ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது லோயர் ஆர்மில். ஆர்மைத் தாங்கினால்தான் பால் ஜாயிண்டின் மேல் இருக்கும் சுமை விடுபடும். சுமையோடு இருக்கும் ஜாயிண்ட் தேய்ந்திருந்தாலும் ஆட்டம் காட்டாது.

இப்போது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். யாரையாவது உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட். அடுத்து டயருக்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக்கொண்டே லோயர் பால் ஜாயிண்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். இடது வலமாக ஆட்டும்போது அசைந்தால் டை ராட் எண்ட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனை. டை ராடும் நன்றாக இருந்து, ஸ்டியரிங் மட்டும் தளர்வாக இருந்தால் வண்டியைத் தரையில் இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இங்குமங்கும் கொஞ்சம் திருப்பும்போது ரேக்கைப் (ஸ்டியரிங்கின் திருப்பத்தை டை ராடுக்குக் கடத்தும் பாகம்) பாருங்கள். ரேக் மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் அதன் புஷ் (அதைத் தாங்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. இந்த வண்டிகளில் அது அடிக்கடி போகும். அதை விட்டுவிட்டு ஸ்டியரிங் தளர்வுக்குப் பால் ஜாயிண்டைக் குறை சொல்பவர்கள் நிறைய.

டயரில் மேடு பள்ளமாகத் தேய்மானம் இருந்தால் ஷாக் அப்சார்பர் பக்கம் சந்தேகப்படுங்கள். சின்னச் சின்ன குண்டு குழிகளில் மட்டும் கடகட சத்தம் வந்தால், பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) லிங்க் அல்லது புஷ். இருப்பதிலேயே மலிவான, சுலபமான வேலை அதுதான்.

லோயர் பால் ஜாயிண்ட்: வீட்டில் செய்யலாம், சாமானில் மட்டும் சிக்கனம் கூடாது

இந்த வண்டியின் உயிர்நாடி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல வண்டிகளில் வண்டியின் எடை பால் ஜாயிண்டை அழுத்தும். தேய்ந்தாலும் குண்டு அதன் குழிக்குள்ளேயே கிடக்கும். முதல் தலைமுறை டகோமாவில் அமைப்பு தலைகீழ். ஜாயிண்டின் உடல் பகுதி நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) அடியில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். அதன் தண்டு கீழ்நோக்கி லோயர் ஆர்முக்குள் இறங்கும். ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளுகிறது, சாலை சக்கரத்தை மேலே தள்ளுகிறது. நடுவில் இருக்கும் ஜாயிண்டை இரண்டும் சேர்ந்து எந்நேரமும் பிய்த்து இழுக்கின்றன. தேய்மானம் எல்லை தாண்டினால் குண்டு குழியிலிருந்து கழன்று வந்துவிடும். சக்கரம் மடங்கி, ஃபெண்டருக்குள் சாய்ந்து, வண்டி மூக்குக் குப்புற விழும். பார்க்கிங்கில் திரும்பும்போது நடந்தால் தப்பித்தீர்கள். நெடுஞ்சாலையில் நடந்தால் ஸ்டியரிங்கும் போய்விடும், ஏனென்றால் டை ராட் எண்ட் மாட்டியிருப்பதும் இதே ஜாயிண்டின் கையில்தான்.

2005-ல் டொயோட்டா, 2001 முதல் 2004 வரையிலான டகோமாக்களையும் வேறு சில மாடல்களையும் இந்த ஜாயிண்டுக்காகவே திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வண்டிகளிலும் வடிவமைப்பு இதேதான்.

இவ்வளவு ஆபத்தான பாகத்தை வீட்டில் மாற்றலாமா? மாற்றலாம். வேடிக்கை என்னவென்றால், இருப்பதிலேயே ஆபத்தான இந்தப் பாகம்தான் கழற்றி மாட்ட மிகச் சுலபமானது. பிரஸ் வேண்டாம். நக்கிளில் நான்கு போல்ட், ஆர்மில் ஒரு நட், டை ராடில் ஒரு நட். அவ்வளவுதான். தண்டு ஆர்மில் இறுகிப் பிடித்திருப்பதைப் பிரிப்பது ஒன்றுதான் மல்லுக்கட்டு. அதற்குப் பிக்கிள் ஃபோர்க் என்ற கவட்டை ஆப்பை அடிக்கலாம், திருகி இழுத்துப் பிரிக்கும் புல்லரும் போடலாம். கவட்டை ஆப்பு ரப்பர் உறையைக் கிழித்துவிடும். தூக்கி எறியப்போகும் ஜாயிண்டுக்கு அதனால் நஷ்டமில்லை. அதையே டை ராட் எண்டில் அடித்தால், அதை மறுபடி பயன்படுத்த முடியாது. டை ராடுக்குப் புல்லர்தான் நல்லது.

சாமானுக்கு வருவோம். மூன்று வழி இருக்கிறது: டொயோட்டா ஒரிஜினல், மூக், மெவோடெக் போன்ற பெயர் தெரிந்த கம்பெனிகளின் தயாரிப்பு, பெயரே இல்லாத பெட்டி. ஒரிஜினல் ஒன்றுக்கு 100 டாலருக்கு மேல் ஆகும். அந்தக் காசுக்கு இணையத்தில் பால் ஜாயிண்ட், டை ராட், லிங்க் என்று முன்பக்கம் முழுவதற்குமான பெட்டியே கிடைக்கும். ஆசை வரத்தான் செய்யும்.

வேறு எந்தப் பாகத்திலும் நான் இவ்வளவு கறாராக இருக்க மாட்டேன். இந்த ஒன்றில் மட்டும் ஒரிஜினல்தான். இழுவிசையில் தொங்கும் ஜாயிண்டின் உள்ளே உலோகத்தின் தரம், குண்டின் மேற்பரப்பின் வழவழப்பு, உறை தண்ணீரை உள்ளே விடாமல் பிடிப்பது ஆகிய மூன்றும்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இருக்கிறது, அதனால் நீடித்து உழைக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஒரிஜினலில் நிப்பிள் கிடையாது. ஆனாலும் அதில் பலதும் லட்சம் மைல் ஓடியிருக்கின்றன.

நான்கு போல்ட்களையும் புதிதாக வாங்குங்கள். காரணம், ஜாயிண்டை இழுக்கும் அதே விசை இந்தப் போல்ட்களையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இடது பக்க ஜாயிண்டும் வலது பக்க ஜாயிண்டும் வேறு வேறு என்பதை ஆர்டர் போடும்போது கவனியுங்கள். முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அளவை நியூட்டன் மீட்டரிலா, ஃபுட் பவுண்டிலா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) ஓட்டை நேருக்கு வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது.

கடையில் கொடுத்தால் கூலியோடு இரண்டு பக்கத்துக்கும் நல்ல தொகை வரும். வீட்டில் செய்தால் ஒரிஜினல் சாமானே வாங்கினாலும் அதில் பாதியை மிச்சம் பிடிக்கலாம். கடைக்காரர் எந்த சாமானைப் போட்டார் என்ற சந்தேகமும் இருக்காது. என்னைக் கேட்டால், வீட்டில் செய்வதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் இதுதான்.

டை ராடும் ரேக் புஷ்ஷும்

டை ராட் எண்டில் யோசிக்க ஒன்றுமில்லை, வீட்டிலேயே மாற்றலாம். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொண்டு, புதியதையும் அத்தனை சுற்றில் ஏற்றினால் அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும்) கடை வரை வண்டியை ஓட்டிப் போகலாம். ஒரிஜினல் கட்டாயமில்லை, ஜப்பானின் சான்கெய் கம்பெனி 555 என்ற பெயரில் விற்பது நம்பி வாங்கக்கூடியது, விலையும் குறைவு.

ரேக் புஷ்ஷையும் வீட்டில் மாற்றலாம். ரேக்கை முழுதாகக் கழற்றாமல், போல்ட்களை எடுத்துச் சற்று முன்னால் இழுத்து, பழைய ரப்பரை நோண்டி எடுத்து, பாலியூரித்தேன் புஷ் போடுபவர்கள் அதிகம். பழைய புஷ்ஷோடு சேர்ந்த உலோகக் குழலை வெளியே எடுப்பதுதான் கையை ஒடிக்கும் வேலை.

அப்பர் பால் ஜாயிண்ட்: இரண்டுங்கெட்டான்

மேல் ஜாயிண்ட் அழுத்திப் பொருத்தப்பட்டது. ஸ்னாப் ரிங் போட்டிருக்கும். எடுக்கவும் போடவும் பிரஸ் வேண்டும். சுமை முழுவதும் கீழே இருப்பதால் இது அவ்வளவு சீக்கிரம் தேயாது. ஆட்டம் இல்லை, ரப்பர் உறை கிழியவில்லை என்றால் தொடவே வேண்டாம். 'கழற்றியது கழற்றியாச்சு, இதையும் மாற்றிவிடுவோம்' என்று ஆரம்பித்தால் அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரை இழுத்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் வழிகள் இரண்டு. ஆட்டோசோன், ஓரைலி போன்ற உதிரி பாகக் கடைகளில் பால் ஜாயிண்ட் பிரஸ்ஸை இரவல் தருவார்கள். வைப்புத் தொகை கட்டி எடுத்துப் போய், திருப்பிக் கொடுத்ததும் முழுத் தொகையும் வாங்கிக்கொள்ளலாம். துரு இல்லாத வண்டிக்கு இது போதும். துருப்பிடித்த வண்டியில் அந்த சி வடிவ பிரஸ்ஸைப் பெரிய கம்பி போட்டு முறுக்கி, அது வளைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஆனந்தமான அனுபவம் இல்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு நக்கிளை மட்டும் வீட்டில் கழற்றி எடுத்துக்கொண்டு மெஷின் ஷாப்பில் கொடுத்தால், ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சில நிமிடங்களில் மாற்றிக் கொடுப்பார்கள். கழற்றி மாட்டும் நேரத்துக்குத்தான் கடைகள் பெரும்பகுதிக் கூலி வாங்குகின்றன; அந்த நேரத்தை நாம் போட்டுவிட்டால் மீதி அவ்வளவாக ஆகாது. வீடு, கடை என்ற இரண்டுக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

ஷாக் அப்சார்பர்: ஸ்பிரிங்கை யார் அமுக்குவது?

முன்பக்க ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் இது. வண்டியிலிருந்து மொத்தமாகக் கழற்றுவது கடினமில்லை: மேலே மூன்று நட், கீழே ஒரு போல்ட். ஆனால் ஷாக்கை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்ற வேண்டும்.

பிரஸ்ஸைப் போலவே ஸ்பிரிங் கம்ப்ரஸரும் இரவலாகக் கிடைக்கும். இரண்டு கொக்கிக் கம்பிகளை ஸ்பிரிங்கின் இரு பக்கமும் மாட்டி மாறி மாறி முறுக்கும் சாதனம். பிக்கப்பின் ஸ்பிரிங் தடிமனானது. அதை அமுக்கும்போது உள்ளே சேரும் விசை, கொக்கி நழுவினால் எலும்பை முறிக்கும். முகத்துக்கு நேராக வந்தால் உயிருக்கே ஆபத்து. இதைச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மைதான். இருந்தாலும் வேறு இரண்டு வழிகள் இருக்கும்போது நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஒன்று, ஸ்பிரிங்கோடு கோத்தே வரும் முழு ஸ்ட்ரட்டை வாங்குவது. மன்ரோ இதை குவிக் ஸ்ட்ரட் என்றும், கேஒய்பி ஸ்ட்ரட் பிளஸ் என்றும் விற்கின்றன. பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டலாம். குறை என்னவென்றால், கூடவே வரும் ஸ்பிரிங் உங்கள் பழைய ஸ்பிரிங்கின் உயரத்தையும் விறைப்பையும் அச்சாகக் கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போய் வர மட்டும் வண்டி ஓட்டுபவருக்கு இது பெரிதில்லை.

இன்னொன்று, நல்ல ஷாக்கை மட்டும் வாங்கி, பழைய ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்றி, இரண்டையும் கடையில் கொடுத்துக் கோத்து வாங்குவது. சுவரில் பதித்த கம்ப்ரஸர் வைத்திருக்கும் கடைக்கு இது சின்ன வேலை. பில்ஸ்டைன் 5100 போடுபவர்களுக்கு இந்த வழிதான் சரி. அதில் ஸ்பிரிங் தட்டை எந்தப் பள்ளத்தில் உட்கார வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முன்பக்க உயரம் மாறும். மலைப்பாதைக்குப் போகிறவர்கள், பனி தள்ளும் பிளேடு மாட்டுகிறவர்கள் இதை விரும்புவார்கள். மற்றவர்களுக்கு ஒரிஜினல் உயரமே நல்லது. தூக்கத் தூக்க அப்பர் ஜாயிண்டும் ஆக்ஸிலின் ரப்பர் உறையும் படும் பாடு கூடும்.

இந்த இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். பழைய டொயோட்டா ஸ்பிரிங்கில் விரிசல் இல்லை, வண்டி முன்னால் தாழவும் இல்லை என்றால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெயர் தெரியாத ஸ்பிரிங்கை ஏன் போட வேண்டும்?

லோயர் ஆர்ம் புஷ்: இங்கேதான் பணத்தைக் கடைக்குக் கொடுங்கள்

லோயர் ஆர்மை சேஸிஸோடு இணைப்பவை இரண்டு கேம் போல்ட்கள். கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்), காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்னே, பின்னே சாயும் கோணம்) கோணங்களை மாற்றுவது இந்தப் போல்ட்களைத் திருப்பித்தான். ரப்பர் புஷ்ஷுக்கு நடுவில் ஓர் இரும்புக் குழல், அதற்குள் போல்ட். உப்புச் சாலையில் பத்துக் குளிர்காலம் போனால் போல்ட்டும் குழலும் துருவால் ஒட்டி ஒரே இரும்பாகிவிடும். நட்டு கழன்று வரும், போல்ட் அசையாது. எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர்தான் திருகும். சுத்தியலால் அடித்தால் போல்ட்டின் தலைதான் விரியும்.

அதற்குப் பிறகு இருக்கும் ஒரே வழி, ஆர்முக்கும் கவ்விக்கும் நடுவில் இருக்கும் சிறிய இடைவெளியில் ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தை விட்டுப் போல்ட்டை இரண்டு பக்கமும் அறுப்பது. நல்ல பிளேடு, நல்ல மின் ரம்பம் இருந்தாலும் ஒவ்வொரு வெட்டும் நேரம் பிடிக்கும். பிளேடு சற்றுச் சாய்ந்தால் சேஸிஸின் கவ்வியே வெட்டுப்படும். வாயு டார்ச்சால் சூடாக்கலாம், ஆனால் ரப்பர் பற்றிக்கொண்டு கரும்புகை கிளம்பும். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

அறுத்து எடுத்த பிறகும் வேலை முடியாது. புஷ்ஷை மட்டும் மாற்ற மறுபடி பிரஸ் வேண்டும். புஷ்ஷோடு வரும் முழு ஆர்ம் வாங்கினால் அந்த வேலை மிச்சம், விலை கூடுதல். கேம் போல்ட், கேம் தட்டு, நட் எல்லாமே புதிது வேண்டும். இங்கே பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாலை நிலவரம் கையில் துல்லியமாகத் தெரியும், ரப்பரைவிட நாளும் ஓடும். கூடவே கீச்சுச் சத்தமும் வரும், அவ்வப்போது கிரீஸும் வைக்க வேண்டும். குடும்பத்தோடு போகும் வண்டிக்கு நான் ரப்பரோடுதான் நிற்பேன்.

உப்பு மாநில வண்டி என்றால் இந்த ஒரு வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு கடைக்கு விடுங்கள். லிஃப்டில் ஏற்றி, நின்றபடி, டார்ச்சும் ஏர் ஹாமரும் வைத்து அவர்கள் செய்வதற்கும், தரையில் முதுகைப் போட்டுக்கொண்டு கண்ணில் துரு கொட்ட நாம் செய்வதற்கும் ஒப்பீடே கிடையாது. பொதுவாகக் கடைகளில் மணிக்கூலி 100 டாலரைத் தாண்டித்தான் இருக்கும். இந்த வேலைக்கு அது நியாயமான விலை. வறண்ட மாநில வண்டி என்றால் போல்ட்டின் நட்டைத் தளர்த்தி, தலையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். தானாகச் சுழன்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அப்போது ஒன்றை மறக்க வேண்டாம்: புஷ் போல்ட்களைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

இதற்கு ஒரு துணை விஷயமும் உண்டு. புஷ் நன்றாக இருந்தாலும் கேம் போல்ட் ஒட்டியிருந்தால் வீல் அலைன்மெண்ட் முழுதாகச் செய்ய முடியாது. கடைக்காரர் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார், டயரின் உள்விளிம்பு மறுபடி தேயும். அதனால் பால் ஜாயிண்டில் கை வைப்பதற்கு முன்பே இந்தப் போல்ட்கள் அசைகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அசையாவிட்டால் எல்லா வேலையையும் சேர்த்து ஒரே கடையில் பேரம் பேசுவதுதான் லாபம். ஆர்மைக் கழற்றினால் பால் ஜாயிண்டும் பாதி கழன்ற மாதிரிதான். அப்போதும் ஒரிஜினல் ஜாயிண்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சில கடைகள் வாடிக்கையாளர் கொண்டுவரும் சாமானுக்கு உத்தரவாதம் தர மாட்டார்கள், சிலர் மாட்டவே மறுப்பார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் இடம் இருக்கிறதா?

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பார்க்கிங்கில் வண்டி பழுது பார்க்கக் கூடாது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். பாதி கழற்றிய வண்டியை இழுத்துப் போகச் சொல்லி நோட்டீஸ் வந்தால், மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். சரிவான டிரைவ்வே இருந்தால் அதுவும் சரிப்படாது. சமமான கான்கிரீட் தரை வேண்டும். தார்த் தரையில் வெயில் நேரத்தில் ஸ்டாண்டின் கால் பதிந்துவிடும், அடியில் தடித்த பலகை போடுங்கள்.

3 டன் ஜாக்கி, ஒரு ஜோடி ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை, நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், மில்லிமீட்டர் சாக்கெட்டுகள். இவை ஏற்கெனவே இருந்தால் வீட்டு வேலை லாபம். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும் என்றால் முதல் வேலையில் மிச்சம் ஒன்றும் நிற்காது. அடுத்தடுத்த வேலைகளில்தான் நிற்கும். இது ஒரே ஒரு தடவை செய்யப்போகும் வேலை என்றால், வீட்டுக்கே வரும் மொபைல் மெக்கானிக்கையும் விசாரித்துப் பாருங்கள். கடை வாடகை இல்லாததால் பெரும்பாலும் குறைத்தே கேட்பார்கள். ஆனால் அவர்களிடமும் லிஃப்ட் கிடையாது, ஆகவே ஆர்ம் புஷ் வேலையை அவர்களும் விரும்ப மாட்டார்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கழற்றிய சக்கரத்தையும் சேஸிஸுக்கு அடியில் தள்ளி வையுங்கள். பிரேக் காலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டுங்கள். 4x4 வண்டியில் நக்கிளை வெளியே சாய்க்கும்போது ஆக்ஸிலும் சேர்ந்து இழுபடும். அதையும் ஏபிஎஸ் வயரையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்றால், ஒரு வாரம் முன்னாலிருந்தே தினமும் எல்லா நட்டிலும் பிபி பிளாஸ்டர் மாதிரி துருவை இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். கேம் போல்ட் சோதனை முதலில். பிறகு லோயர் பால் ஜாயிண்ட், டை ராட், ஸ்டெபிலைசர் லிங்க் மூன்றும் ஒரே நாளில், ஒவ்வொரு பக்கமாக. மறுபக்கத்தைக் கழற்றாமல் வைத்திருந்தால் எது எப்படி இருந்தது என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்ட்ரட் கோக்கும் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்காது, அதனால் அதை சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அலைன்மெண்டுக்கு திங்கட்கிழமை நேரம் வாங்கிவிடுங்கள். அதுவரை கடைக்குப் போகும் தூரம் தவிர ஓட்ட வேண்டாம். டோ கோணம் கொஞ்சம் விலகியிருந்தாலே புது டயரின் விளிம்பு மளமளவென்று தேய்ந்துவிடும். அலைன்மெண்ட் முடிந்ததும் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் காஸ்டர் கோணம் இரண்டு பக்கமும் பச்சை நிறக் கட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம். சுமார் 50 மைல் ஓட்டிய பிறகு சக்கர நட்டுகளையும், புதிதாகப் போட்ட நான்கு போல்ட்களையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள்.